மூங்கில்பாலத் தோட்டத்து ராட்டினப் பிரிவு

ஜொகூர் சமஸ்தானத்தில் ஒழுக்கமும் கட்டுப்பாடும் எப்போது பிறந்தன என்று யாராவது கேட்டால், நாளும் நேரமுமாகப் பதில் சொல்ல முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் அவை பிறந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மூங்கில்பாலத் தோட்டத்துக் கங்காணி ஐயாசாமி. இன்னொருவர், அவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்பதே நாளான தனலெட்சுமி. அன்று இருவரும் பேசிய பேச்சு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஐயாசாமிக்கு ஒரு சொல் குறையாமல் நினைவிருந்தது.

பெரிய துரையை ஏற்றிக்கொண்ட ரயில் அப்போதுதான் வளைவில் மறைந்திருந்தது.

"துரை என்னாங்க சொன்னாரு?"

"ராட்டினத்த எங்கிட்ட ஒப்படைச்சிட்டாரு புள்ள. ஆறு மாசம் சீமையில இருந்துட்டு வருவாராம். வந்து அவருதான் மொதல்ல ஏறுவாராம். அதுவரைக்கும் யாரும் ஏறக்கூடாதாம்."

"அதுவரைக்கும் சும்மாவா நிக்கும்?"

"சும்மா நின்னா துருப் பிடிச்சிருமாம். தெனமும் சுத்தணும்னாரு."

"ஆளில்லாமயா?"

"ஆளில்லாமத்தான்."

தனலெட்சுமி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கவா?"

அந்த 'ஒண்ணு' என்னவென்று ஐயாசாமிக்குத் தெரியும். முதல் நாள் ராட்டினத்தைப் பூட்டி நிறுத்தியபோது, அதிலிருந்த வெள்ளைக் குதிரையின் கழுத்தை அவள் தடவிக்கொடுத்ததை அவர் பார்த்திருந்தார். புதுப் புருசனான தம்மைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை என்று லேசாக வருத்தமும் பட்டிருந்தார்.

"இப்பக் கேக்காத. கேட்டா மாட்டேன்னு சொல்லணும். கல்யாணமாகி ஒம்பது நாள்ல மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. உத்தரவு வரட்டும், அப்பக் கேளு."

"சரி," என்றாள் தனலெட்சுமி. கேட்கவில்லை.

இந்த ராட்டினம் வந்த வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் ஓர் உல்லாசப் பூங்கா திறந்த பதினோராம் மாதமே மூடிக்கொண்டது. அதன் சாமான்களை ஏலம் போட்ட அன்று பெரிய துரை பல் பிடுங்கிக்கொள்ள அந்தத் தெருவுக்குப் போயிருந்தார். பிடுங்கிய கையோடு கூட்டத்தை வேடிக்கை பார்க்க நின்றவர், வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்க்க மூன்று முறை கையைத் தூக்கினார். மூன்று முறையும் ஏலக்காரர் சுத்தியலைத் தட்டினார். மறுக்க வாயைத் திறக்க முடியவில்லை. இவ்வாறாக சிரிப்புக் கண்ணாடி, பிசாசுக் குகை, குடை ராட்டினம் என்ற மூன்று கலைச் செல்வங்கள் ரயிலேறி லாயாங் லாயாங் வந்து, மாட்டு வண்டியில் மூங்கில்பாலத் தோட்டம் சேர்ந்தன.

தோட்டத்தில் எந்தப் பொருளும் வீணாகக் கூடாது என்பது விதி. ஆகவே மூன்றில் இரண்டு, ஒரே மாதத்தில் கண்ணை விட்டு மறைந்தன. யாரும் திருடவில்லை. 'பயன்பாட்டுக்கு' வந்தன.

பிசாசுக் குகையின் பலகைகள் ஆட்கள் குடியிருக்கும் நான்காம் லயத்தின் ஓட்டைச் சுவர்களை அடைக்கப் போயின. ராஜம்மாவின் அடுப்படிச் சுவரில் ஓர் எலும்புக்கூடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. அவள் அதன் வலது கையில் ஆணியடித்துக் கரண்டியை மாட்டினாள். "எம் புருசன் உசிரோட இருந்தப்பகூட அடுப்படிப் பக்கம் இவ்வளவு நேரம் நின்னதில்ல," என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

சிரிப்புக் கண்ணாடிகள் இரண்டு. பார்ப்பவரைப் பருமனாகக் காட்டும் கண்ணாடி தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் நோயாளியை அதன் முன்னால் நிறுத்தி, கண்ணாடிக்குள் பார்த்து ரிப்போர்ட் எழுதினார். அந்த ஆண்டு முதல் மூங்கில்பாலத் தோட்டத்தில் மெலிந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒல்லியாகக் காட்டும் கண்ணாடி துரை பங்களாவின் சாப்பாட்டு அறைக்குப் போனது. துரை அதில் தம்மைப் பார்த்துக் கவலைப்பட்டு, ஒவ்வொரு வேளையும் இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார். ஒரே கம்பெனி, இரண்டே கண்ணாடி, எல்லாருக்கும் ஆரோக்கியம்.

மிஞ்சியது ராட்டினம். பதினோரு குதிரைகள், ஒரு நெருப்புக்கோழி. அந்தக் கோழியைத் தோட்டத்தில் யாரும் அதற்குமுன் கண்டதில்லை. சரியாகத் தீனி போடாமல் உயரமாக வளர்ந்துவிட்ட நாட்டுக்கோழி என்று முடிவு கட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து பூட்டிக் கொடுக்க வந்த ரபேல், எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எஞ்சின வேற ஆளு ஏலத்துல எடுத்துட்டாரு, கங்காணி. கையால தள்ளித்தான் சுத்தணும்." குதிரைகள் நிற்கும் வட்டத் தட்டின் விளிம்பில் நான்கு கம்புகளைக் குறுக்கே பொருத்திவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டான்.

நான்கு கம்புக்கு நான்கு ஆள் வேண்டும். 'ராட்டினப் பிரிவு' உதயமானது. கங்காணி தன் வீட்டுக்காரியைத் தன் கும்பலிலேயே வைத்துக்கொள்வது தோட்டத்து வழக்கம். அப்படியே தனலெட்சுமி முதல் கம்புக்கு வந்தாள். இரண்டாவது கம்பு ராஜம்மாவுக்கு. மற்ற இரண்டும் ராஜம்மாவின் நாத்தனார்கள் இருவருக்கு. நாத்தனார்கள் ராஜம்மாவோடு பேசுவதில்லை, ஆனால் அவள் தள்ளும் பக்கமாகவே தள்ளினார்கள். ஒரு நிறுவனத்துக்கு அது போதும்.

விடியுமுன் நடக்கும் பெரட்டில் ஐயாசாமி ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்.

"நாப்பத்தேழு."

"இருக்கேன், கங்காணி," என்பாள் தனலெட்சுமி.

அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே நாற்பத்தேழு அதே கங்காணிக்கு, "ஏங்க, தோசைக்குச் சட்னி போதுமா?" என்று கேட்டிருப்பாள். வீடு வேறு, வேலை வேறு என்பதில் ஐயாசாமி கறாரானவர்.

காலையெல்லாம் பால்மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொட்டிவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு பெண்களும் ராட்டினத்துக்கு வருவார்கள். தினம் அறுபது சுற்று. வெளியே ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு ஐயாசாமி எண்ணுவார். இடது பாக்கெட்டில் அறுபது ரப்பர் கொட்டைகள். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்கு மாறும். மழைக்கும் வெயிலுக்கும் குதிரைகள் கெட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் சாக்குப் போட்டுச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு யார் ஏறுவதும் இருக்கட்டும், யாரும் பார்ப்பதுகூட நின்றுபோனது. சாக்கு மூட்டைகள் தினம் அறுபது முறை சுற்றி வந்தன. இவ்வளவு கட்டுப்பாடான உல்லாசம் வேறு எந்த நாட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இடையில் ஒரே ஒரு களங்கம். காளியப்பனின் வெள்ளாடு ஒருநாள் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஏறி நின்று, மூன்று சுற்று போய்விட்டது. நான்காவது சுற்றில்தான் ஐயாசாமி கண்டார். ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சதாசிவம் விசாரணை வைத்தார். சதாசிவம் எதையும் ஃபைலில் பார்க்காமல் நம்பாதவர். மழை பெய்கிறது என்றால்கூட, "எழுதிக் கொடு," என்பார்.

"ஆடு உட்கார்ந்ததா, நின்றதா?"

"நின்னுச்சுங்க," என்றான் காளியப்பன்.

"சந்தோஷமாக இருந்ததா?"

"ஆட்டுக்கு எப்பவும் ஒரே மொகந்தாங்க."

"அப்படியானால் அது சவாரி ஆகாது. 'இடமாற்றம்' என்று எழுதிக்கொள்கிறேன்."

அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டே தனலெட்சுமி சொன்னாள்: "ஆட்டுக்குக் குடுத்து வச்சிருக்கு."

ஐயாசாமி சோற்றைப் பிசைந்தார். ரசம் உறைத்தது. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

ஆறு மாதம் போனது, ஒரு வருசம் போனது. துரை வரவில்லை. 'ராட்டினத்தில் யார் ஏறலாம் என்று தெரிவிக்கவும்' என்று சதாசிவம் சீமைக்குக் கடிதம் எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு விதவையைத் துரை மணந்துகொண்டாராம். இனி மலாயா பக்கம் வருவதாக இல்லையாம். ஒவ்வொரு கோழிக்கும் பெயர் வைத்திருக்கிறாராம். கடிதத்தோடு ஒரு சேவலின் போட்டோவும் இருந்தது. ராட்டினத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அப்ப ஏறலாங்களா, ஐயா?" என்று கேட்டார் ஐயாசாமி. கேட்கும்போது அவர் மனதில் வெள்ளைக் குதிரையும் தனலெட்சுமியும்தான் இருந்தார்கள். அதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

சதாசிவம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேவலையும் பார்த்தார். "மறுப்பு இல்லை. ஆனால் அனுமதியும் இல்லை. ஆகவே பழைய உத்தரவு உயிரோடு இருக்கிறது, ஐயாசாமி."

இதை வீட்டில் வந்து சொன்னபோது, தனலெட்சுமி முறத்தை நிறுத்தவில்லை. "உத்தரவு போட்டவரு கோழி மேய்க்கிறாரு. உத்தரவு இங்க நின்னு எங்கள மேய்க்குது."

"நீ கேக்க வந்தத..."

"உத்தரவு வரட்டும்னு நீங்கதான சொன்னீங்க. வரட்டும்."

பிறகு புதுத் துரை வந்தார். இலங்கையில் தேயிலை பார்த்தவர். ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாது என்பது வெளியில் தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது. இரண்டு மணிக்குத் தோட்டத்தைச் சுற்றி வந்தவர் ராட்டினத்தின் முன்னால் நின்றார். நான்கு பெண்கள் தள்ள, பன்னிரண்டு சாக்கு மூட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இது என்ன மெசின்?"

ஐயாசாமி சதாசிவத்தைப் பார்த்தார். சதாசிவம் ஃபைலைப் பார்த்தார்.

"சுத்துற மெசின், துரை," என்றார் ஐயாசாமி.

"என்ன உற்பத்தி?"

"சுத்துங்க, துரை."

"ஒரு நாளைக்கு?"

"அறுபது."

"போன வருசம்?"

"போன வருசமும் அறுபதுதாங்க."

துரையின் நெற்றி சுருங்கியது. "முன்னேற்றம் இல்லையே. எழுபத்திரண்டு வேணும்."

அந்தக் கணத்தில் மூங்கில்பாலத் தோட்டம் நவீன யுகத்துக்குள் நுழைந்தது. ஐயாசாமி இடது பாக்கெட்டில் பன்னிரண்டு கொட்டைகள் கூட்டினார். மாதாந்திர ரிப்போர்ட்டில் 'பால்', 'ஷீட்டு', 'விறகு' என்ற தலைப்புகளுக்குப் பக்கத்தில் 'சுத்து' என்று ஒரு தலைப்பு ஏறியது.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தபோதுதான் அந்தத் தலைப்பின் அருமை தெரிந்தது. பால் குறைந்தது. பாலை உறையவைத்துச் செய்யும் ஷீட்டு குறைந்தது. பாதி மரங்களை வெட்டாமல் விட்டார்கள். இரண்டு லயத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். காளியப்பனும் போனான். ஆட்டை விற்றுவிட்டுத்தான் போனான். ஆனால் சுத்து மட்டும் ஒருநாளும் குறையவில்லை. 'இந்த நெருக்கடியிலும் தளராத ஒரே பிரிவு' என்று லண்டனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஐயாசாமி அதைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தனலெட்சுமி தோளில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பு அழுத்தி அழுத்தி, அந்த இடம் காய்த்துப் போயிருந்தது. ராஜம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றாள்.

"கணக்குப் போட்டுப் பாத்தேன் தனம்," என்றாள் ராஜம்மா. "நாம தள்ளின தூரத்துக்கு, கடல் மட்டும் குறுக்க இல்லேன்னா இந்நேரம் நாகப்பட்டணம் போயிச் சேந்திருப்போம்."

"அலமாக்!" என்று மலாய்க்காரி மாதிரி வாயில் கை வைத்தாள் தனலெட்சுமி. "இப்ப எங்க சேந்திருக்கோம்?"

"கெளம்பின எடத்துல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐயாசாமிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் லண்டன் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் கம்பெனியின் விசிட்டிங் ஏஜெண்டு தோட்டத்தைப் பார்வையிட வந்தார். எல்லாத் துரைகளுக்கும் மேலான துரை அவர். வயதானவர். வெள்ளை மீசை, பிரம்பு, மலாயாவில் முப்பது வருசம் புழங்கிய தமிழ். அவர் ஷீட்டு உலர்த்தும் பொகைவீட்டைப் பார்க்கவில்லை, மரங்களைப் பார்க்கவில்லை. "உங்கள் 'சுத்து' எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மற்றத் தோட்டங்களுக்கும் அப்படி ஒன்று வாங்கிக் கொடுக்கக் கம்பெனி யோசிக்கிறதாம்.

இரண்டு மணி. நான்கு பெண்கள் கம்பைப் பிடித்து நின்றார்கள். தோட்டத்துத் துரை பெருமையோடு கையைக் காட்டினார்.

"சாக்கை அவிழ்," என்றார் ஏஜெண்டு.

ஐயாசாமி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எட்டு வருசச் சாக்கு. உள்ளே குதிரைகள் நேற்றுச் செய்த மாதிரி இருந்தன. சிவப்புக் கடிவாளம், தங்க நிறக் குஞ்சம். வெள்ளைக் குதிரை வெளியே வந்தபோது தனலெட்சுமியின் கை கம்பிலிருந்து தானாக எழுந்தது. பிறகு தானாகவே இறங்கிக் கம்பைப் பிடித்தது.

துரையின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு நெருப்புக்கோழியைக் கண்டதும் நிறமே இல்லாமல் போனது.

"பதிவேட்டின்படி இது மெசின்தான், துரை," என்றார் சதாசிவம், உதவியாக.

ஏஜெண்டின் மீசை நடுங்கியது. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நெருப்புக்கோழியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "ஆறு வயசுல சீமையில ஏறினேன். இதே கோழி மாதிரி ஒரு கோழி," என்றார். காலைத் தூக்கினார்.

ஐயாசாமி குறுக்கே பாய்ந்தார். "துரை, யாரும் ஏறக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"யார் உத்தரவு?"

"பெரிய துரை உத்தரவு."

"அவர் எங்கே?"

"சீமையில... கோழிப்பண்ணையில இருக்காருங்க."

"அந்த உத்தரவு இன்னையோட முடிஞ்சுது," என்றார் ஏஜெண்டு, காலை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே.

எட்டு வருசம் காத்த உத்தரவு. ஒரு சுருட்டுப் பற்ற வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஐயாசாமி தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். இனி அவள் கேட்கலாம். கேட்டதும் சரி என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தும் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஏறுங்க," என்றார் ஏஜெண்டு. துரை தர்மசங்கடத்தோடு ஒரு கறுப்புக் குதிரையில் ஏறினார். சதாசிவம் ஃபைலோடு ஒரு செவலைக் குதிரையில் ஏறினார். "நீயும் ஏறு, கங்காணி. எட்டு வருசம் பாத்துக்கிட்டவன் நீதானே."

மேலதிகாரி சொன்னால் மறுக்கக் கூடாது. ஐயாசாமி கைக்கு எட்டிய குதிரையில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது வெள்ளைக் குதிரை என்று கண்டார்.

"தள்ளுங்க," என்றார் துரை.

பெண்கள் தள்ளினார்கள். ராட்டினம் முதல் முறையாக ஆள் பாரத்தோடு சுற்றியது. ரப்பர் மரங்கள் ஓடின, ஆபீஸ் ஓடியது, ஆஸ்பத்திரிக் கூரை ஓடியது. ஐயாசாமியின் குதிகால் தானாகக் குதிரையின் விலாவைத் தட்டியது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருசம் வெளியே கல்லின் மேல் நின்றபோது, தனலெட்சுமி சுற்றுக்கு ஒரு தரம் அவரைக் கடந்து போவாள். கொட்டையை மாற்றுவதற்குள் போய்விடுவாள். இப்போது எல்லாம் மாறி மாறி ஓடியது, அவள் மட்டும் மாறவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அவள் பிடரி. வியர்வை. கம்பு பதிந்த தோளில் மடித்து வைத்த துணி. குதிரை எவ்வளவு வேகமாகப் போனாலும் அவள் அங்கேயே இருந்தாள். எவ்வளவு வேகமாகப் போனதோ அவ்வளவு வேகமாக அவள் நடந்துகொண்டிருந்தாள்.

பழக்கத்தில் அவர் கை ரப்பர் கொட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தது. பதினொன்றாவது கொட்டையில் ஏஜெண்டு கையைத் தூக்கினார். ராட்டினம் நின்றது.

"பிரமாதம்," என்றார் ஏஜெண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குப் பிரித்துப் பழைய இரும்புக்கு அனுப்பிடுங்க. லண்டனுக்குத் தெரியக் கூடாது." துரை நன்றியோடு தலையை ஆட்டினார். ஏஜெண்டு கீழே பெண்களைப் பார்த்தார். உயரத்தில் இருந்து பார்க்கும்போது அவருக்கு மனம் இளகியது. "எட்டு வருசம் தள்ளியிருக்கீங்க. கம்பெனிக்கு ரொம்ப சந்தோஷம். ஏதாவது வேணுமா? கேளுங்க."

சதாசிவம் ஃபைலைத் திறந்து, 'விண்ணப்பம்' என்று தலைப்பிட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

ஐயாசாமி குதிரையின் மேலிருந்து குனிந்தார். "கேளு புள்ள. இப்பக் கேளு. உத்தரவு வந்திருச்சு."

தனலெட்சுமி கம்பை விட்டாள். தோளிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்து, அதை நான்காக மடித்து ஐயாசாமியின் மடியில் வைத்தாள். பிறகு நான்கு குதிரைக்காரர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எழுபத்திரெண்டுல பதினொண்ணுதான் ஆயிருக்கு," என்றாள். "எறங்குங்க. நாங்க நாலு பேரும் ஏறிக்கிறோம். மிச்சம் அறுபத்தொண்ணையும் நீங்க நாலு பேரும் தள்ளுங்க."